கணிப்பொறிக்குள் ஒரு கணிப்பொறி: வி.பி.என். பழுதறியும் பாடம்

மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் பிரிவு மாணவியர்

முன்னுரை



சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒரு வீட்டுக்கு ஒரு கணிப்பொறி இருந்தாலே பெரிது. அந்த ஒன்றிலேயே அப்பாவின் லாரி வாடகைக் கணக்கும், அக்காவின் அலுவலக வேலையும், தங்கையின் பாடமும் நடந்தாக வேண்டும். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய பலர் ஊர் திரும்பி, வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினர். 2024-ஆம் ஆண்டு சேலம் கருப்பூர்ப் பகுதியில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. ஆயினும், ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ வீட்டில் அமர்ந்தபடியே தொலைவிலுள்ள நிறுவனத்துக்கு உழைக்கும் பெண்கள் இன்றும் இருக்கின்றனர்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்கா வி.பி.என். என்னும் இணைப்பின் வழியாக அலுவலகக் கோப்புகளைத் திறந்து வேலை செய்கிறார். தங்கை மேல்நிலை முதலாம் ஆண்டில் கணிப்பொறி அறிவியல் படிக்கிறாள். பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டுவும் இடம்பெற்றிருப்பதால், வீட்டிலேயே பழகிப் பார்க்க விரும்பி, விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவுகிறாள். மறுநாள் காலை அக்காவின் வி.பி.என். இணைப்பு கிடைக்கவில்லை. “நேத்து நீ என்னமோ ஏத்துனியே கண்ணு, மொதல்ல அதை எடுத்துப் போடு” என்று அம்மா சொல்வார். அக்காவின் சம்பளமா, தங்கையின் பாடமா என்று வந்தால், எந்த வீட்டிலும் பாடம்தான் தள்ளிப்போகும்.

இரண்டில் ஒன்றைக் கைவிடத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது. பழுது எங்கே என்று முறையாகத் தேடினால், பெரும்பாலான வீடுகளில் இரண்டு வேலைகளும் ஒரே கணிப்பொறியில் நடக்கும். அதற்கு முதலில் இவ்விரண்டும் என்ன என்பதை அறிவோம்.

வீட்டுக்குள் ஒரு போர்ஷன்

பெரிய வீடு கட்டியவர்கள் அதில் ஒரு பகுதியைத் தடுத்து, தனிச் சமையலறையும் தனி வாசலும் வைத்து வாடகைக்கு விடுவதுண்டு. அதைப் போர்ஷன் என்கிறோம். அடித்தளமும் கூரையும் ஒன்றே. குடித்தனம் மட்டும் வேறு. மெய்நிகராக்க மென்பொருள் கணிப்பொறிக்குள் செய்வதும் இதுவே. செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றில் ஒரு பங்கைத் தடுத்து, அதற்குள் வேறொரு கணிப்பொறி இருப்பதுபோல் இயங்கச் செய்கிறது. விண்டோஸ் வீட்டுக்காரர், உபுண்டு குடித்தனக்காரர்.

இது புதிய எண்ணம் அன்று. ஐ.பி.எம். நிறுவனம் வி.எம்/370 என்னும் மென்பொருளை 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அறிவித்தது. அறையளவு பெரிய ஒரே இயந்திரத்தைப் பலர் தத்தமக்குத் தனி இயந்திரம் இருப்பதுபோல் பயன்படுத்த அது வழிசெய்தது. மேசைக் கணிப்பொறியில் இதைச் செய்ய வி.எம்.வேர் நிறுவனம் 1999-இல் மென்பொருள் வெளியிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த இன்னோடெக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட விர்ச்சுவல்பாக்ஸ், 2008-இல் சன் நிறுவனத்தின் கைக்கும், 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்கும் சென்றது.

நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. போர்ஷனுக்குத் தனி வாசல் வைப்பதுபோல், இம்மென்பொருள்கள் கணிப்பொறியில் புதிய வலையட்டை ஒன்றையோ பலவற்றையோ உண்டாக்குகின்றன. இவை கையால் தொடக்கூடிய அட்டைகள் அல்ல, மென்பொருளால் ஆனவை. விர்ச்சுவல்பாக்ஸ் உண்டாக்கும் ஹோஸ்ட்-ஒன்லி என்னும் அட்டைக்கு வழக்கமாக 192.168.56.1 என்ற முகவரி அமையும். வி.எம்.வேர் வி.எம்.நெட்1, வி.எம்.நெட்8 என இரண்டு அட்டைகளை வைக்கும். விண்டோஸின் ஹைப்பர்-வி தன் பங்குக்கு 172 என்று தொடங்கும் முகவரியுடன் ஓர் அட்டையை வைக்கும். நேற்றுவரை ஒரே வாசல் இருந்த வீட்டில் இன்று இரண்டு மூன்று வாசல்கள்! குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

முத்திரையிட்ட தபால் பை

இனி வி.பி.என். என்பதைப் பார்ப்போம். மெய்நிகர் தனியார் வலையமைப்பு என்பது இதன் விரிவு. அரக்கு முத்திரையிட்ட தபால் பை பொதுமக்கள் பயணம் செய்யும் அதே ரயிலில்தான் போகும். ஆனால் உள்ளே இருப்பதை வழியில் எவரும் படிக்க முடியாது. சேருமிடத்தில்தான் முத்திரை உடைக்கப்படும். வி.பி.என். இவ்வாறே பொது இணையத்தின் வழியாகச் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்புகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய குர்தீப் சிங் பால் முதலியோர் 1996-ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பி.பி.டி.பி. என்ற முறை, இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அம்முறை இன்று பாதுகாப்பானதாகக் கருதப்படுவதில்லை. ஓப்பன்வி.பி.என்., வயர்கார்டு போன்ற முறைகள் அதன் இடத்தில் வந்துள்ளன.

வி.பி.என். இணைந்தவுடன் அதுவும் கணிப்பொறியில் ஒரு மெய்நிகர் அட்டையை இயக்கும். “அலுவலக முகவரிக்குச் செல்லும் செய்திகளை எல்லாம் என் வாசலுக்கு அனுப்பு” என்று விண்டோஸிடம் சொல்லும். ஆக, விர்ச்சுவல்பாக்ஸ், வி.பி.என். ஆகிய இரண்டுமே புதிய வாசல் வைப்பவை. எந்தக் கடிதம் எந்த வாசல் வழியே போவது என்பதில் இரண்டுக்கும் பிணக்கு வரலாம்.

எந்த ஆத்தூர்?

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் ஆத்தூர் உண்டு. சேலத்தில் இருந்துகொண்டு, ‘ஆத்தூர்’ என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் அது எங்கே போகும்? பக்கத்து ஆத்தூருக்கே போகும். எழுதியவர் மனத்தில் இருந்தது தூத்துக்குடி ஆத்தூர் என்பது தபால்காரருக்கு எப்படித் தெரியும்?

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் இந்தியாவில் பின்கோடு முறை தொடங்கப்பட்டது. ஆறு இலக்கங்களில் முதல் இலக்கமான 6, தமிழ்நாடு, கேரளம் முதலிய தென்பகுதியைக் குறிக்கும். 636 என்றால் சேலம் பக்கம். 637 என்றால் நாமக்கல் பக்கம். 636102 என்றால் ஆத்தூர். இலக்கங்கள் கூடக்கூட இடம் துல்லியமாகும்.

கணிப்பொறிகளின் முகவரியும் இவ்வாறே இடமிருந்து வலமாகத் துல்லியமாகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1996-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட விதிப்படி, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் தனியார் முகவரிகள். இவற்றை வீட்டிலும் அலுவலகத்திலும் எவரும் அனுமதி கேளாமல் வைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் காந்தி நகர் இருப்பதுபோல், வீட்டுக்கு வீடு 192.168 இருக்கிறது. தனித்தனியாக இருக்கும்வரை தொல்லை இல்லை. வி.பி.என். வீட்டையும் அலுவலகத்தையும் இணைத்தவுடன், ஒரே பெயருள்ள இரண்டு ஊர்கள் ஒரே தபால் நிலையத்துக்கு வந்துவிடுகின்றன.

அலுவலகத்தில் 192.168 என்று தொடங்கும் முகவரிகள் உள்ளன என்று கொள்வோம். வி.பி.என். “192.168 எல்லாம் எனக்கு” என்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அட்டை “192.168.56 எனக்கு” என்கிறது. கணிப்பொறியின் விதி, எந்த வழி கூடுதல் இலக்கங்கள் பொருந்துமாறு சொல்கிறதோ அதையே தேர்ந்தெடு என்பதாகும். ஆகவே அக்காவின் கோப்புகள் 192.168.10.5 என்ற முகவரியில் இருந்தால் திறக்கும், 192.168.56.20 என்ற முகவரியில் இருந்தால் திறக்காது. அச்செய்தி அலுவலகத்துக்குப் போகாமல், வீட்டுக்குள்ளேயே போர்ஷன் வாசலில் நின்றுவிடுகிறது. “சிலது திறக்கிறது, சிலது திறக்கவில்லை” என்று பலர் வியப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு வழிகளும் சம அளவில் பொருந்தினால் என்ன செய்வது? அதற்கு மெட்ரிக் என்னும் முன்னுரிமை எண் உண்டு. சிறிய எண்ணுக்கே முதலிடம். அட்டை தன் வேகம் என்று அறிவிப்பதைக் கொண்டு விண்டோஸ் இந்த எண்ணைத் தானே அமைக்கிறது. மெய்நிகர் அட்டை அதிக வேகத்தை அறிவிப்பதால், உண்மையான வை-ஃபை அட்டையைவிட அதற்கு முன்னுரிமை கிடைத்துவிடுவதுண்டு.

பழுது மூன்று வகை

“வி.பி.என். வேலை செய்யவில்லை” என்று பொதுவாகச் சொல்வது, “உடம்பு சரியில்லை” என்பதைப் போன்றது. மருத்துவர் காய்ச்சலா, வயிற்று வலியா என்று கேட்பார் அல்லவா? நாமும் அவ்வாறே வகை பிரிப்போம்.

முதல் வகை: இணைப்பே உண்டாவதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது, கணிப்பொறியிலுள்ள வலையட்டைகள் ஒவ்வொன்றிலும் பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் என்னும் இயக்கியைச் செருகுகிறது. சில வி.பி.என். மென்பொருள்களுக்கு இது ஒத்துவருவதில்லை. இணையப் பகிர்வு என்னும் வசதி இயங்கினாலும் சில வி.பி.என். மென்பொருள்கள் இணைய மறுக்கும்.

இரண்டாம் வகை: இணைந்துவிட்டதாகத் திரை சொல்கிறது, ஆனால் கோப்புகள் திறப்பதில்லை. இது மேலே கண்ட ஆத்தூர்க் குழப்பம்.

மூன்றாம் வகை: எண் முகவரியை இட்டால் திறக்கிறது, பெயரை இட்டால் திறப்பதில்லை. பெயருக்குரிய எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். சேவையை எந்த வாசல் வழியே முதலில் கேட்பது என்பதும் முன்னுரிமை எண்ணைப் பொறுத்ததே. தவறான வாசலில் கேட்டால் விடை வராது.

சோதிக்கும் முறை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. நேற்று விர்ச்சுவல்பாக்ஸ் வந்தது, இன்று வி.பி.என். நின்றது என்பதால் மட்டும் அதுவே காரணம் என்று தீர்ப்பளிக்கலாகாது. அக்காவின் கடவுச்சொல் காலாவதி ஆகியிருக்கலாம். அலுவலகச் சர்வரே நின்றிருக்கலாம். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதிப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.

1. கணிப்பொறியை முழுவதும் நிறுத்தி மீண்டும் இயக்குக. விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போதே வலை இணைப்பு சிறிது நேரம் துண்டிக்கப்படும் என்று அது முன்னறிவிப்புத் தருகிறது. சில வேளைகளில் மறுதொடக்கமே போதும்.

2. வி.பி.என். இன்றிச் சாதாரண இணையப் பக்கம் திறக்கிறதா என்று பார்க்க. திறக்காவிட்டால் பழுது வி.பி.என்.இல் இல்லை.

3. உடன் பணியாற்றும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அவருக்கு இணைகிறதா என்று அக்காவைக் கேட்கச் சொல்க.

4. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியே இணைத்துப் பார்க்க. அதில் வி.பி.என். இணைந்தால், வீட்டு ரௌட்டரின் முகவரி அலுவலக முகவரியோடு மோதுகிறதா என்று ஆராய வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் குற்றமற்றதாகவும் இருக்கலாம்.

5. விண்டோஸின் வலை இணைப்புகள் பட்டியலைத் திறந்து, விர்ச்சுவல்பாக்ஸ் ஹோஸ்ட்-ஒன்லி அட்டையைத் தற்காலிகமாக முடக்குக. அழிக்க வேண்டாம். இப்போது வி.பி.என். சரியாக இயங்கினால், அட்டையை மீண்டும் இயக்கிப் பார்க்க. பழுது திரும்பி வந்தால்தான் காரணம் உறுதி. போய்வந்து காட்டும் பழுதே ஐயமற்ற சாட்சி.

6. கட்டளைத் திரையில் ‘ஐபிகான்ஃபிக்’ என்னும் கட்டளை இட்டால் அட்டைகளின் முகவரிகள் தெரியும். ‘ரூட் பிரிண்ட்’ என்னும் கட்டளை இட்டால் வழிப்பட்டியல் தெரியும். வி.பி.என். இணையாதபோது ஒரு முறையும், இணைந்தபின் ஒரு முறையும் பார்த்து இரண்டையும் ஒப்பிடுக.

தீர்வுகள்

முகவரி மோதல் என்று கண்டால், விர்ச்சுவல்பாக்ஸின் நெட்வொர்க் மேலாளரில் 192.168.56 என்பதை, வீட்டிலும் அலுவலகத்திலும் இல்லாத வேறொரு தொகுதிக்கு மாற்றலாம். எது இல்லை என்பதை அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் அக்கா கேட்டறிவது நல்லது.

முன்னுரிமை எண்ணால் வந்த பழுதானால், ஹோஸ்ட்-ஒன்லி அட்டையின் ஐ.பி.வி4 பண்புகளில் உயர்நிலை அமைப்புக்குச் சென்று, தானியங்கி மெட்ரிக் என்னும் குறியை நீக்கி, 500 போன்ற பெரிய எண்ணை இடலாம். அப்போது அந்த வாசல் வரிசையில் பின்னே போய்விடும்.

இணைப்பே உண்டாகாவிட்டால், வை-ஃபை அட்டையின் பண்புகளில் விர்ச்சுவல்பாக்ஸ் பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் இயக்கிக்கு எதிரே உள்ள குறியை மட்டும் நீக்கிப் பார்க்க.

“இவற்றை எல்லாம் முடக்கினால் உபுண்டுவில் இணையம் வராதே” என்று தோழியர் கேட்கலாம். வரும்! விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக உண்டாக்கும் கணிப்பொறிக்கு நாட் என்னும் முறையே இயல்பாக அமைகிறது. குடித்தனக்காரர் தம் கடிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பச் சொல்வது போன்றது அது. அதற்குத் தனி வாசல் தேவையே இல்லை. உபுண்டுவில் கோப்புறை உண்டாக்கவும், கட்டளைகள் பழகவும், நிரல் எழுதி இயக்கவும் நாட் முறை போதும். ஆகவே பள்ளிப் பாடத்துக்கு ஹோஸ்ட்-ஒன்லி அட்டையும் பிரிட்ஜ்டு இயக்கியும் வேண்டியதில்லை. இனிப் புதிதாக நிறுவுவோர், விண்டோஸில் நிறுவும்போது வரும் தேர்வுப் பட்டியலிலேயே இவ்விரண்டையும் விட்டுவிடலாம்.

சில எச்சரிக்கைகள்

நிறுவனம் கொடுத்த கணிப்பொறியில் அனுமதியின்றி எந்த மென்பொருளையும் நிறுவலாகாது. இக்கட்டுரை சொந்தக் கணிப்பொறிக்கே பொருந்தும்.

நாட் முறையில் உபுண்டுவின் செய்திகளும் வீட்டுக்காரரின் வழியிலேயே செல்வதால், வி.பி.என். இணைந்திருக்கும்போது அவை அலுவலக வலைக்குள்ளும் புகலாம். ஆகவே அக்கா வேலை செய்யும் நேரத்தில் உபுண்டுவை நிறுத்தி வைப்பதே முறை. நினைவகமும் மிச்சமாகும்.

இணையவில்லை என்பதற்காகத் தீச்சுவர் என்னும் ஃபயர்வாலையும், வைரஸ் காப்பையும் நிரந்தரமாக நிறுத்திவிடுவது, சாவி தொலைந்ததற்காகக் கதவைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பாகும். “நான் சரிசெய்து தருகிறேன்” என்று சொல்லும் அறிமுகமில்லாதவரிடம் கடவுச்சொல்லையோ, கணிப்பொறியை இயக்கும் உரிமையையோ கொடுக்கவே கூடாது.

எல்லாம் செய்தும் பழுது நீங்காவிட்டால், எழுதி வைத்த தாளை அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவினருக்குப் படித்துக் காட்டுக. எந்த நாளில் எந்த மென்பொருள் வந்தது, திரையில் தோன்றிய பிழைச் செய்தி என்ன, எதை மாற்றியபோது என்ன நிகழ்ந்தது என்பவற்றைச் சொன்னால், அவர்களுடைய வேலையில் பாதி முடிந்துவிடும்.

முடிவுரை

கணிப்பொறிப் பழுது என்றால் அண்ணனையோ கடைக்காரரையோ தேடுவதே நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. ஆனால் மேலே கண்ட சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு தாள், ஒரு பேனா, அரை மணி நேரப் பொறுமை ஆகியவையே. இவற்றை மேல்நிலை வகுப்பு மாணவி எவளும் செய்யலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக ஒன்றைப் பழகும் மகளின் கணிப்பொறியில் பழுது வந்தால், உடனே அதை நீக்கச் சொல்லாமல், அவளுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள். தோழியரே, அக்காவின் வேலை நேரத்துக்கு முன்பு எதையும் நிறுவாமல், விடுமுறை நாளில் அவரையும் உடன் வைத்துக்கொண்டு நிறுவுங்கள். அவ்வாறு செய்தால் அக்காவின் வேலையும் தடைப்படாது. தங்கையின் பாடமும் நிற்காது.